கைம்பெண் வரிசைப் பால்

பினாங்கில், சுங்கை பினாங் ஆற்றோரத்துக் குடிசைப் பக்கம் போய் ரோசம்மாவைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே தாலியைக் கழற்றினவள் என்பார்கள் சிலர். அவள் கழற்றியதால்தான் அவன் செத்தான் என்பார்கள் வேறு சிலர். இப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் அவள் வெளுத்துக் கொடுத்த துணியைத்தான் உடுத்தியிருந்தார்கள். அதற்காக அவர்கள் வாய் கூசியதாகத் தெரியவில்லை. அவள் தாலியைக் கழற்றியது உண்மைதான். எதற்காகக் கழற்றினாள் என்பதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.

ரோசம்மாவின் அப்பா சூசை காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்தவர். மாதா கோயில் சாமியார் பங்களாவில் சமையல்காரர். அவருக்கு ஹென்றி என்று ஒரு மகன், அவனுக்குப் பின்னால் ரோசம்மா. மகனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அவன் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா ஆகி, கோட்டுப் போட்டு, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். மகள் கன்னியர் மடத்தில் ஞானோபதேசமும் தமிழ் எழுத்தும் படித்தாள். அதோடு துணி வெளுத்து இஸ்திரி போடவும் பழகிக்கொண்டாள். நல்ல கத்தோலிக்கப் பையனாகப் பார்த்துக் கட்டிவைக்கலாம் என்று இருந்தபோதுதான் பக்கிரிசாமி வந்து சேர்ந்தான்.

பக்கிரிசாமி துறைமுகத்தில் தொங்கான் படகில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். பங்களாவுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து போடும்போது சமையற்கட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்பான். தண்ணீர் கொடுத்த கையோடு ரோசம்மா மனசையும் கொடுத்துவிட்டாள். அவன் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். மதம் மாறு என்று சாமியார் சொன்னபோது, "அரிசி மூட்டையைத் தோள் மாத்திக்கலாம் சாமி, இதை எப்படி மாத்தறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விட்டான். ஆற்றோரத்தில் ஒரு சின்ன அம்மன் சந்நிதி இருந்தது. அங்கே வைத்துத்தான் தாலி கட்டினான். பொன் வாங்க வழியில்லை, மஞ்சள் கிழங்கை முடிந்த கயிறுதான். சூசை அந்த வருஷமே கண்ணை மூடினார். ஹென்றி தங்கையைத் தலை முழுகினார். பாசாரில் எதிரே பார்த்தால் ஓரமாக ஒதுங்கிப் போவார். பிள்ளை ஒன்று பிறந்து தங்காமல் போனபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆனாலும் அந்தக் குடிசையில் சந்தோஷம் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெண்ணைப் பாவி என்றோ பரிதாபம் என்றோதான் பேசினார்கள். சந்தோஷமாக இருந்தவள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

1918-ம் வருஷக் கடைசி மழையோடு விஷக் காய்ச்சல் வந்தது. இன்புளுயன்சா என்று படித்தவர்கள் சொன்னார்கள். காலையில் மூட்டை தூக்கினவன் மறுநாள் பாயில் கிடந்தான். துறைமுகத்தில் கூலியாட்கள் இல்லாமல் தொங்கான்கள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. அந்த வருஷம் தீபாவளி வந்து போனதே யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை என்ற பயத்தில் இருக்கிறவர்களும் போகவில்லை.

அப்போதுதான் தருமவான்கள் எழுந்தார்கள். இந்துக்களுக்குச் சன்மார்க்க தரும சபை. மாட்டு வண்டிக் காண்டிராக்டர் சந்திரசேகரன் பிள்ளை அதற்குத் தலைவர். தன் வண்டிப் பட்டியிலேயே கொட்டகை போட்டுக் காலையில் கஞ்சி ஊற்றினார். கத்தோலிக்கர்களுக்குத் தயை மாதா சகாய சங்கம். பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சின்ன மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் மத்தியானம் டின் பாலைக் கரைத்துச் சுடச்சுட ஊற்றினார்கள், கூடவே மருந்தும் கொடுத்தார்கள். அதன் காரியதரிசி வேறு யாருமில்லை, ஹென்றிதான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கஞ்சியும் பாலும் இல்லையென்றால் ஆற்றோரத்தில் இன்னும் பல வீடுகள் காலியாகியிருக்கும். ஆனால் சபைக் கஞ்சிக்கு வாசலிலேயே நெற்றியில் திருநீறு பூசித்தான் உள்ளே விடுவார்கள். சங்கத்துப் பாலுக்கு 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தெரிய வேண்டும். கொள்ளைநோய்க்கு எல்லார் வீட்டு வாசலும் ஒன்றுதான். தருமத்துக்கு மட்டும் ஆள் பார்த்துத் திறக்கும் கதவு.

பக்கிரிசாமி படுத்தான். சபைக் கஞ்சி கிடைத்தது. ரோசம்மா திருநீற்றைப் பூசிக்கொண்டு வாங்கி வந்தாள், அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கியது. குடிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"கஞ்சி மட்டும் போதாதும்மா. கெட்டியாப் பால் குடு. தெம்பு இருந்தாத்தான் இந்தச் சளியைத் தாங்குவான்."

டின் பால் விற்ற விலையில் கூலிக்காரன் வீட்டில் அதை முகர்ந்துகூடப் பார்க்க முடியாது. இருந்த பித்தளைப் பானையை விற்று ஒரு டின் வாங்கினாள். அது தீர்ந்தது. அதன் பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே பால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஹென்றி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் வேணாம். அவருக்குக் கொஞ்சம் பால்."

"அவன் நம்ம ஆள் இல்லையே ரோசா. உன் கல்யாணத்தையே கோயில் ஒத்துக்கலை. நம்ம சனத்துக்கே பத்தாம இருக்கு, உன்னை நான் எந்தக் கணக்கில சேர்க்கறது?"

அவள் வாசலை விட்டு நகரவில்லை. அழுதிருந்தால் அவர் அனுப்பிவிட்டிருப்பார். அவள் அழாததுதான் அவரை என்னவோ செய்தது. தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கைம்பெண் வரிசைன்னு ஒண்ணு இருக்கு. கோயிலை விட்டு வெளியில போய்த் திரும்பி வந்தவங்களைக்கூட அதுல சேர்த்துக்கறோம். நீ கழுத்துல அது இல்லாம, நெத்தியில பொட்டு இல்லாம வா. புருஷன் போயிட்டான், பொண்ணு கோயிலுக்கே திரும்பிட்டான்னு நான் சொல்லிக்கறேன்."

"அண்ணே, அவரு உசுரோட இருக்காரு."

"உசுரோட இருக்கணும்னுதானே பால் கேக்கறே."

ஹென்றி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத மனுஷன், தலை முழுகின தங்கைக்காக ஒரு பொய் சொல்லத் துணிந்தார். அதே பொய்யில் தனக்குப் பிடிக்காத மச்சானை ஒரு வார்த்தையில் சாகடிக்கவும் செய்தார். இரண்டையும் சேர்த்தே செய்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து ரோசம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். பக்கிரிசாமி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு பாயிலிருந்து கையை நீட்டினான்.

"இதுக்கா அழுவுறே? அவுத்து என் கையில குடு. கட்டுனவன் நான்தானே? நீ போய்ட்டு வா, திரும்பக் கட்டி விடறேன். அதுவரைக்கும் என் கையில இருந்தா கழுத்துல இருக்கிற மாதிரிதான் லா."

அன்றிலிருந்து அதுவே அந்தக் குடிசையின் வழக்கமாகிவிட்டது. காலையில் திருநீறும் பொட்டுமாகச் சபைக் கஞ்சி. உச்சிவேளை நெருங்கும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு பாலத்தைக் கடப்பாள். மண்டபத்தில் நண்பகல் மணி அடித்ததும் எல்லாரோடும் எழுந்து நின்று திரிகால ஜெபம் சொல்வாள். அதன் பிறகு பால் ஊற்றுவார்கள். ஹென்றி அவள் முகத்தைப் பார்க்காமல் டின்னை நிரப்புவார். வீட்டுக்கு வந்ததும் முதலில் தாலி, அப்புறம்தான் பால். அவள் அவன் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்காருவாள். அவன் மெதுவாக முடிச்சுப் போடுவான். ஊரில் ஒருத்திக்கு ஒரு தடவைதான் கல்யாணம் நடக்கும், தனக்குத் தினம் நடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெட்கமாகவும் இருந்தது, என்ன கொடுமையோ, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பால் வேலை செய்தது. அவன் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வாயும் திரும்ப வந்தது.

"காலையில மாரியாத்தா, மத்தியானம் மேரி மாதா. சாயங்காலத்துக்குப் பள்ளிவாசல்ல ஏதும் ஊத்தறாங்களான்னு கேட்டுப் பாரு."

"சும்மா படு" என்று அவள் அதட்டினாள். சிரித்துக்கொண்டேதான் அதட்டினாள்.

பக்கத்துக் குடிசையில் தனலெட்சுமி இருந்தாள். அவளும் தொங்கான்காரன் பெண்டாட்டிதான். ரோசம்மா வெளியே போனால் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். வெறும் கழுத்தோடு ரோசம்மா கிளம்புவதை முதல் நாள் பார்த்தபோது அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இது ஆகாது அக்கா. நல்லதுக்கில்ல" என்றாள். ஆனாலும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. முந்தின இரவு மறுபடியும் காய்ச்சல் ஏறியிருந்தது. காலையில் அவன் கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பால் குடிக்கிறாயா என்று கேட்டதற்கு மட்டும் கண்ணைத் திறந்து ஆம் என்றான். சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்துவிடலாம் என்று ரோசம்மா கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். அவனே விரல்களை மூடிக்கொண்டான்.

அன்றைக்கென்று மண்டபத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். சங்கத்துக்கு அதிகமாகப் பணம் கொடுத்த ஒரு துரை, மனைவியோடு பார்வையிட வருகிறாராம். படம் எடுக்க ஒரு ஜப்பான்காரர் முக்காலியை நிறுத்திக் கறுப்புத் துணியைப் போட்டுத் தயாராக இருந்தார். நண்பகல் மணி அடித்தது, ஜெபம் முடிந்தது. பால் ஊற்றவில்லை. பெரிய அண்டாவில் பால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. துரை வந்த பிறகுதான் முதல் கரண்டி என்றார்கள்.

ரோசம்மா வரிசையை விட்டு முன்னால் வந்து ஹென்றியிடம் கெஞ்சினாள்.

"அண்ணே, என் டின்னுக்கு மட்டும் ஊத்திக் குடுங்க. நான் போகணும்."

"துரை துவான் வர்ற நேரம் ரோசா. கொஞ்சம் பொறு. எல்லாருந்தானே நிக்கறாங்க?"

ஜெபம் சொல்லிவைக்கிற ஞானோபதேசியார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். புருஷனுக்கு மூச்சு முட்டுகிறது என்று அவள் எப்படிச் சொல்வாள்? அந்த மண்டபத்தில் அவளுக்குப் புருஷன் இல்லையே. ஹென்றிக்குத் தெரியும், அவரும் சொல்ல முடியாது. பால் வாங்கித் தந்த அதே பொய் இப்போது இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டது. வெறும் டின்னோடு ஓடிவிடலாமா என்று நினைத்தாள். பால் கேட்டுக் கண்ணைத் திறந்தவனிடம் வெறுங்கையோடு போய் நிற்க மனசு வரவில்லை.

துரை வந்தார். மாலை போட்டார்கள். யாரோ பேசினார்கள். கரண்டியைத் துரையின் மனைவி கையில் கொடுத்து, யாருக்கு ஊற்றலாம் என்று பார்த்தபோது அந்த அம்மாள் வரிசையைக் கண்ணால் அளந்து ரோசம்மாவைக் காட்டினாள். சின்ன வயசு, வெறும் கழுத்து, அழுத கண். படத்துக்குப் பொருத்தமாக இருந்தாள். ஹென்றி அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். "தலையைக் கொஞ்சம் குனிம்மா" என்றார் ஞானோபதேசியார். "அசையாதே" என்று ஜப்பான்காரர் கையைக் காட்டினார். அவள் டின்னை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பாலைச் சிந்தாமல் பாலத்தின்மேல் ஓடி வந்தாள். குடிசை வாசலில் தனலெட்சுமி நின்ற விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"கோயில் மணி அடிச்சப்போகூடப் பேசினாரு அக்கா. இன்னும் வரலையான்னு கேட்டாரு. ஒரு வாய்த் தண்ணி குடுத்துட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து பாக்கறேன்..."

அவன் கை மார்பின்மேல் மூடியிருந்தது. விரல் இடுக்கில் மஞ்சள் கயிற்றின் நுனி தெரிந்தது. ரோசம்மா பால் டின்னை இறக்கி வைத்துவிட்டு, தினமும் உட்காருகிற மாதிரியே அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அதைப் பார்த்துத்தான் தனலெட்சுமி ஓவென்று அழுதாள்.

பிணத்தை இலவசமாக எரிக்கிற தருமமும் சபைக்கு இருந்தது. சந்திரசேகரன் பிள்ளையே ஆட்களோடு வந்தார். பிணத்தின் கையில் தாலியையும் பெண்ணின் வெறும் கழுத்தையும் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டார். அழுகையோடு அழுகையாகத் தனலெட்சுமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பெண்ணுக்கு அனுதாபம் தேடித்தான் சொன்னாள், பாவம்.

"ஒரு டம்ளர் பாலுக்குத் தாலியைக் கழட்டிட்டு மாதா கோயில் வேதக்காரங்ககிட்ட போய் நின்னாளா?" என்று பிள்ளை ஒரே போடாகப் போட்டார். "நம்ம கஞ்சியையும் குடிச்சுக்கிட்டு?"

எரிப்பதை அவர் நிறுத்தவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். விறகும் ஆளும் சபைச் செலவுதான். தாலி அறுக்கும் சடங்குக்கென்று வந்த பெண்கள்தான் அறுக்க ஒன்றும் இல்லாமல் திகைத்து நின்றார்கள். கையிலிருப்பதைப் பிரித்து எடுக்க ஒருத்தி குனிந்தபோது, ரோசம்மா அன்று முதல்முதலாக வாய் திறந்தாள்.

"அது அவர்கிட்டயே இருக்கட்டும்."

அப்படியே எரித்தார்கள். மறுநாள் கொட்டகை வாசலில் திருநீறு பூசுகிறவன் அவளைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சங்கத்திலோ அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கைம்பெண் என்று ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள், இப்போது அதற்கு முழுத் தகுதியும் வந்துவிட்டது. மாதாமாதம் அரிசி தருவதாக ஹென்றி ஆள் அனுப்பினார். ரோசம்மா பாலத்தைக் கடக்கவில்லை. வண்ணான் துறையில் கூலிக்குத் துணி துவைக்கப் போனாள். மடத்தில் பழகின கை, பிழைப்பு ஓடியது. டீயில்கூடப் பால் விடமாட்டாள். கேட்டால் பித்தம் என்பாள்.

வருஷங்கள் ஓடின. தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, கப்பல் கப்பலாகத் தமிழர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிய பஞ்ச காலம் வந்தது. தருமத்துக்கு மறுபடியும் வேலை வந்தது. சகாய சங்கத்துக்குப் பதினைந்தாம் ஆண்டு விழா. மண்டபத்து மேசை விரிப்புகளை வெளுக்கக் கொடுத்திருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கு உடம்பு சரியில்லை. வேறு வழியில்லாமல் ரோசம்மாவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள்.

மண்டபத்துச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருந்தது. அவள் அதுவரை அதைப் பார்த்ததில்லை. தொப்பி வைத்த அம்மாள் கரண்டியைச் சாய்க்கிறாள், ஒரு சின்னப் பெண் தலை குனிந்து டின்னை நீட்டுகிறாள். கீழே எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'இன்புளுயன்சா காலத்தில் ஏழைக் கைம்பெண்ணுக்குப் பால் வழங்கல், 1918.' அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே படம் அதுதான்.

ஹென்றி அறைக்குள்ளிருந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே," என்றாள் ரோசம்மா. "மணி அடிச்சப்போ அவரு பேசிக்கிட்டு இருந்தாரு. மணி அடிச்சு எம்புட்டு நேரங் கழிச்சு இதை எடுத்தாங்க? ஞாபகம் இருக்கா?"

அவள் ஏன் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எந்நேரமா இருந்தா என்ன ரோசா, இப்போ? எனக்கும் ரொம்ப நாள் மனசு உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு, பொய் சொல்லிட்டமேன்னு. அப்புறம் சாமியார்கிட்ட சொன்னேன். அன்னைக்கே அவன் போயிட்டதால பெரிய பாவமில்லைன்னுட்டார். எப்படியோ, நான் சொன்னது பொய்யாப் போகலை. ஆண்டவருக்குத் தோத்திரம்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். ரோசம்மா மேசை விரிப்பு மூட்டையை மேசைமேல் இறக்கினாள். படத்தில் இருந்தவளின் வெறும் கழுத்தை விரலால் காட்டினாள்.

"அவ கைம்பெண் இல்ல அண்ணே. அவ புருஷன் வீட்ல உசுரோட இருக்கான். தாலியைக் கையில வெச்சுக்கிட்டு, இன்னும் வரலையான்னு கேட்டுக்கிட்டு இருக்கான். அவளைப் போகவிடுங்க."